மருந்து தின்ற கோழி ஓமம் தின்கிறது!

1948-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி. கிறிஸ்துமஸ் பண்டிகை நாள்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்தில் பேர்ல் ரிவர் என்று ஓர் ஊர். அங்கே லெடர்லி என்ற பெரிய மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. பண்டிகை அல்லவா? வேலையாட்களுக்கு விடுமுறை.

ஆனால் ஒருவர் மட்டும் வந்தார். கோழிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். தராசில் வைத்தார். எடையைக் குறித்துக்கொண்டார்.

அவர் பெயர் தாமஸ் ஜுக்ஸ். இங்கிலாந்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே கனடாவுக்குக் கப்பல் ஏறி, பண்ணையில் கூலி வேலை பார்த்து, பிறகு படித்து விஞ்ஞானி ஆனவர். பண்ணைத் தொழில் அவருக்குப் புதிது அல்ல.

அன்று அவர் கண்ட எடை, உலகத்தின் கோழிப்பண்ணைகளையே மாற்றிவிட்டது. அந்த மாற்றத்தால் வந்த தொல்லையைத் தீர்க்கத்தான், இன்று விஞ்ஞானிகள் ஓமத்தையும் பூண்டையும் தயிர்க் கிருமியையும் கையில் எடுத்திருக்கிறார்கள்!

கழிவில் கிடைத்த அதிசயம்

அந்தக் காலத்துப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு கவலை. சோளம், சோயா மொச்சை என்று தானியத்தை மட்டும் போட்டால் குஞ்சு சரியாக வளருவது இல்லை. கொஞ்சம் மீனோ, ஈரலோ கலந்தால்தான் வளர்ந்தது.

ஈரலில் அப்படி என்ன இருக்கிறது? "வைட்டமின் பி 12" என்ற சத்து இருக்கிறது என்று அந்த 1948-ம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஈரல் சத்துக்கு விலை அதிகம். மலிவாக வேறு ஏதாவது கிடைக்காதா என்று ஜுக்சும், அவருடன் வேலை பார்த்த ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் தேடினார்கள்.

அவர்களுடைய கம்பெனி அப்போது ஆரியோமைசின் என்ற புதிய மருந்தைச் செய்துகொண்டிருந்தது. அது கிருமிகளைக் கொல்லும் மருந்து. டாக்டர்கள் "ஆன்டிபயாடிக்" என்று சொல்லுகிறார்களே, அந்த ரகம்.

அதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர் என்ற முதியவர். எழுபது வயதைத் தாண்டியவர். கல்லூரி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கம்பெனி வேலைக்கு வந்தார். மிசௌரி மாநிலத்து வயல் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் இருந்து அந்த மருந்தை எடுத்தார். அந்த நுண்ணுயிர் பொன் நிறமாக இருந்தது. ஆகவே, பொன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து மருந்துக்குப் பெயர் சூட்டினார்கள்.

மருந்தை வடித்து எடுத்த பிறகு சக்கை மிஞ்சும். அந்தச் சக்கையிலும் பி 12 இருக்கும் என்பது ஜுக்சின் கணக்கு. அதைக் குஞ்சுகளுக்குப் போட்டார்கள். வேறு சில குஞ்சுகளுக்கு ஈரல் சத்தைக் கொடுத்தார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று தராசு என்ன காட்டியது தெரியுமா? ஈரல் சத்து தின்ற குஞ்சுகளைக் காட்டிலும், சக்கை தின்ற குஞ்சுகள் எடை கூடியிருந்தன!

வைட்டமின் மட்டும்தான் காரணம் என்றால், இரண்டும் சமமாக அல்லவா வளர்ந்திருக்க வேண்டும்? சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த மருந்துதான் குஞ்சுகளைக் கொழுக்க வைத்தது என்று பிறகு தெரிய வந்தது.

1950-ல் செய்தி வெளியானது. 1951-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. டாக்டர் சீட்டு கூடத் தேவை இல்லை! ஒரு டன் தீவனத்தில் சில கிராம் மருந்தைக் கலந்தால் போதும். கோழி சீக்கிரம் எடை போட்டது. நோய் குறைந்தது. ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்க முடிந்தது. பண்ணைக்காரருக்கு வேறு என்ன வேண்டும்?

ஊசி போடுகிறார்களா?

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழலாம். "பிராய்லர் கோழிக்கு ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள்" என்று பலர் பேசுவது உண்டு. அது சரி அல்ல. கோழி இவ்வளவு பெரிதாக வளருவதற்கு முதல் காரணம் இனப்பெருக்கம். வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இணை சேர்த்தார்கள்.

கனடாவில் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1957-ம் ஆண்டு இனத்தையும் 2005-ம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-வது நாளில் பழைய இனக் கோழியின் எடை 905 கிராம். புதிய இனத்தின் எடை 4,202 கிராம்! இரண்டும் தின்றது ஒரே தீவனம்.

ஆகவே, மருந்தினால் கிடைத்த லாபம் அதன் மேல் வைத்த சிறு துணுக்குதான். அந்தத் துணுக்குக்குக் கொடுத்த விலைதான் பெரிது.

மருந்து தின்றது கோழி, மாறியது வீட்டார் வயிறு!

பென்சிலின் மருந்தைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கியபோதே ஓர் எச்சரிக்கை விடுத்தார். கிருமியைக் கொல்லும் அளவுக்கு மருந்து கொடுக்க வேண்டும். அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்றார்.

கோழித் தீவனத்தில் கலந்ததோ, அதே அரைகுறை அளவு! அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. குஞ்சு பொரிந்த நாள் முதல் தினந்தோறும்.

விளைவு என்ன ஆயிற்று? பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்டூவர்ட் லெவி அதைக் கண்ணால் பார்க்க விரும்பினார். ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்தின் பண்ணையில் 300 குஞ்சுகளை விட்டார். பாதிக் குஞ்சுகளுக்குச் சாதாரணத் தீவனம். மறு பாதிக்கு டெட்ராசைக்ளின் இனத்து மருந்து கலந்த தீவனம்.

ஒரே வாரம்தான். மருந்து தின்ற குஞ்சுகளின் குடலில் இருந்த கிருமிகள் ஏறத்தாழ எல்லாமே அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகளாக மாறிவிட்டன.

அதோடு நின்றதா? இல்லை! ஐந்து ஆறு மாதங்களில் அந்த வீட்டு மனிதர்களின் குடலிலும் அதே மாற்றம் தெரிந்தது. அவர்கள் அந்த மருந்தை வாயில் போட்டவர்கள் அல்ல. கோழிக்குத் தீவனம் வைத்தார்கள், கொட்டகையைக் கூட்டினார்கள், அவ்வளவுதான்.

வாரா வாரம் அவர்களுடைய மலத்தை எடுத்துச் சோதித்தார்கள். நூற்றுக்கு 31 சோதனைகளில், குடல் கிருமிகளில் முக்கால் பங்குக்கும் மேல் மருந்துக்கு அஞ்சாத கிருமிகளாக இருந்தன. அக்கம்பக்கத்து வீடுகளில் எடுத்த சோதனைகளிலோ நூற்றுக்கு 7 மட்டுமே அப்படி இருந்தது. 1976-ல் லெவி இதை வெளியிட்டார்.

நாளைக்கு அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, டாக்டர் அதே மருந்தைக் கொடுத்தால்? மருந்து தோற்றுவிடலாம்.

உலகம் முழுவதும் 2019-ம் ஆண்டில் மட்டும், மருந்துக்குச் சாகாத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் எல்லாப் பழியையும் கோழியின் தலையில் போடுவது நியாயம் அல்ல. சளி பிடித்தால் கடையில் தானே மருந்து வாங்கி, இரண்டு நாள் விழுங்கி, மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறவர்களும் இதற்குப் பொறுப்பாளிகளே.

24 கிலோவும் 24 ஆயிரம் கிலோவும்

டென்மார்க் நாட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை.

வாங்கோமைசின் என்று ஒரு மருந்து. வேறு மருந்து எதற்கும் அடங்காத நோய்க்கு, ஆஸ்பத்திரியில் கடைசி ஆயுதமாக எடுப்பார்கள். அதற்கு அவோபார்சின் என்று ஒரு பங்காளி மருந்து உண்டு. அதைத் தீவனத்தில் கலந்தார்கள்.

1994-ம் ஆண்டில் டென்மார்க்கில் மனிதர்களுக்குச் செலவான வாங்கோமைசின் 24 கிலோ. அதே ஆண்டில் கால்நடைகள் தின்ற அவோபார்சின் 24 ஆயிரம் கிலோ!

பங்காளி மருந்தைத் தாங்கப் பழகிய கிருமி, ஆஸ்பத்திரி மருந்தையும் தாங்கியது. 1995-ல் கறிக்கோழிகளின் குடலில் இருந்த ஒரு வகைக் கிருமியைச் சோதித்தபோது, நூற்றுக்கு 72 கிருமிகளுக்கு அந்தச் சக்தி இருந்தது.

அந்த ஆண்டே அரசாங்கம் அவோபார்சினைத் தடை செய்தது. 1998-ல் டென்மார்க் கோழிப்பண்ணைக்காரர்கள் ஒன்று கூடி, கொழுக்க வைக்கும் மருந்து எதையும் இனித் தீவனத்தில் கலப்பது இல்லை என்று தாங்களாகவே முடிவு செய்தார்கள்.

"கோழி எல்லாம் செத்துப்போகும், தொழில் படுத்துவிடும்" என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. என்ன நடந்தது? கோழிகளின் சாவு அதிகரிக்கவில்லை. கொட்டகைக்குக் கிடைத்த கறியின் அளவும் குறையவில்லை. கோழி ஒரு கிலோ எடை போட, முன்னைவிட 16 கிராம் தீவனம் அதிகம் தேவைப்பட்டது. 16 கிராம் என்பது ஒரு கைப்பிடி கூட இல்லை. மருந்துக்குச் செலவிட்ட பணம் மிச்சம் ஆனதால், அந்தச் செலவும் சரிக்கட்டிவிட்டது.

2000-ம் ஆண்டில் மறுபடியும் சோதித்தார்கள். நூற்றுக்கு 72-ஆக இருந்தது, நூற்றுக்கு 6-க்கும் கீழே இறங்கியிருந்தது!

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இரத்தக்கழிச்சல் நோய்க்கு என்று தீவனத்தில் கலக்கும் தனி மருந்தை டென்மார்க்காரர்கள் நிறுத்தவில்லை. ஒரு கூட்டம் கோழியை மொத்தமாக விற்று, கொட்டகையைக் கழுவி, காய வைத்து, பிறகுதான் அடுத்த குஞ்சுகளை விடுவார்கள். ஏற்கனவே துப்புரவாக இருந்த பண்ணைகள் அவை. அழுக்குக் கொட்டகையில் மருந்தை மட்டும் நிறுத்தினால் இதே பலன் கிடைக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சுவீடன் இந்த வழியில் 1986-லேயே முந்திக்கொண்டது. ஐரோப்பிய நாடுகள் எல்லாம் சேர்ந்து 2006 ஜனவரி முதல் தேதியில் தடை போட்டன. அமெரிக்கா, மனிதர்களுக்கு வேண்டிய மருந்துகளைக் கொழுக்க வைக்கக் கொடுப்பதை 2017-ல் நிறுத்தியது. சீனா 2020-ல் நிறுத்தியது.

தாயைப் பார்க்காத குஞ்சு

சரி, மருந்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? இதற்கு விடை, டென்மார்க்குக்கு முன்பே பின்லாந்து நாட்டில் கிடைத்திருந்தது.

கிராமத்தில் அடைக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். 21 நாள் முட்டையின் மேல் படுத்திருக்கும். குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்ததும் தாயின் சிறகுக்குள் புகுந்துகொள்ளும். தாய் குப்பையைக் கிளறும், குஞ்சும் கிளறும். தாய் கொத்தியதைக் கொத்தும். தாயின் எச்சத்தையும் கொத்தும்! பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் அந்தக் குஞ்சுக்கு அதுதான் சீதனம்.

எப்படி என்றால், பெரிய கோழியின் குடலில் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை கோழிக்குத் தீங்கு செய்வது இல்லை. தீவனத்தைச் செரிக்க உதவுகின்றன. அந்தக் குடித்தனம் தாயிடம் இருந்து குஞ்சுக்கு முதல் நாளே வந்து சேர்ந்துவிடுகிறது.

பண்ணைக் குஞ்சின் கதை வேறு. அது எந்திரத்தில் பொரிகிறது. பெட்டியில் அடைத்து லாரியில் போகிறது. அதன் வாழ்நாளில் தாயின் முகத்தையே அது பார்ப்பது இல்லை. அதன் குடல் காலி வீடு. கதவு திறந்து கிடக்கும் காலி வீட்டில் முதலில் யார் நுழைகிறாரோ, அவர் குடியேறிவிடுவார் அல்லவா?

1971-ல் பின்லாந்தில் அப்படித்தான் நடந்தது. கெட்டுப்போன தீவனத்தின் வழியாக, சால்மோனெல்லா என்ற கிருமி பண்ணைகளுக்குள் புகுந்தது. மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்குகிற கிருமி அது.

எஸ்கோ நூர்மி என்ற விஞ்ஞானி ஒரு விஷயத்தைக் கவனித்தார். இளங்குஞ்சுகளை எளிதாகப் பிடிக்கும் இந்தக் கிருமி, வளர்ந்த கோழியிடம் பாச்சா பலிக்காமல் தோற்றுப்போகிறதே, ஏன்?

வளர்ந்த கோழியின் குடலில் இடம் இல்லை! ரயில் பெட்டியில் எல்லா இடத்திலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டால், அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிற திருடனுக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது அல்லவா? அதைப் போலத்தான்.

நூர்மியும், ராந்தாலா என்ற விஞ்ஞானியும் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல ஆரோக்கியமான கோழியின் குடலில் இருந்த பொருளை எடுத்தார்கள். நீர்க்கக் கரைத்தார்கள். ஒன்றிரண்டு நாள் குஞ்சுகளின் வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டார்கள். பிறகு சால்மோனெல்லா கிருமியையும் கொடுத்தார்கள்.

கரைசல் குடிக்காத குஞ்சுகளுக்குக் கிருமி தொற்றியது. குடித்த குஞ்சுகளில் பெரும்பாலானவை தப்பின! 1973-ல் இந்தச் செய்தி வெளியானபோது கோழி உலகம் மூக்கின் மேல் விரல் வைத்தது.

கோழியின் குடலில் இருப்பதை அப்படியே கொடுத்தால் வேறு நோயும் சேர்ந்து வரலாம். ஆகவே, நோய் இல்லாத கோழிகளில் இருந்து எடுத்து, ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்த நல்ல கிருமிகளைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள். குஞ்சு பொரித்த இடத்திலேயே, பெட்டியில் இருக்கும் குஞ்சுகளின் மேல் பன்னீர் தெளிப்பதுபோல் தெளிப்பதும் உண்டு. குஞ்சுகள் ஒன்றன் இறகை ஒன்று கொத்தும்போது மருந்து வயிற்றுக்குள் போய்விடுகிறது.

தாய்க் கோழி இலவசமாகச் செய்த வேலையை, மனிதன் பணம் கொடுத்துச் செய்யவேண்டி வந்துவிட்டது!

தயிரும் ஈஸ்டும்

இன்று தீவனக் கடைகளில் விற்கும் இயற்கைச் சரக்குகளில் பல, இந்தத் தாயின் வேலையைத்தான் ஒவ்வொரு விதத்தில் செய்கின்றன.

பாலைத் தயிராக்கும் கிருமிகளின் இனத்தைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். ஆனால் ஒரு சிக்கல். குருணைத் தீவனத்தை நீராவியில் வேக வைத்துத்தான் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் தயிர்க் கிருமி செத்துவிடும். ஆகவே அதைத் தண்ணீரில் கொடுக்க வேண்டும். தீவனத்துக்கு என்று வேறு ஓர் இனம் வைத்திருக்கிறார்கள். அது விதை போல ஓடு கட்டிக்கொண்டு உறங்கும், சூட்டைத் தாங்கும், கோழியின் குடலுக்குள் போய் விழித்துக்கொள்ளும்.

ரொட்டி செய்ய மாவில் போடும் ஈஸ்டும் உதவுகிறது. சால்மோனெல்லாக் கிருமிக்கு மேலெல்லாம் கொக்கி போன்ற மயிர்கள் உண்டு. குடல் சுவரில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரையை அந்தக் கொக்கியால் பிடித்துக்கொள்ளும். ஈஸ்டின் தோலிலும் அதே சர்க்கரை இருக்கிறது. தீவனத்தில் ஈஸ்டுத் தோலைக் கலந்தால், கிருமி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். எச்சத்தோடு எச்சமாக வெளியே போய்விடும். தூண்டிலில் மீன் மாட்டுவதுபோல!

எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலுக்குக் காரணமான அமிலத்தையும் சிறிது கலக்கிறார்கள். கெட்ட கிருமிகள் பலவற்றுக்குப் புளிப்பு ஆகாது.

அஞ்சறைப் பெட்டியில் இருந்து

இனி சமையற்கட்டுக்கு வரலாம்.

ஐரோப்பாவில் ஆரிகனோ என்று ஒரு பச்சிலை இருக்கிறது. பீட்சாவில் தூவுவார்கள். மணம் நம் ஊர் ஓமவல்லியின் மணத்தைப் போல இருக்கும். அதன் எண்ணெய் கிருமியின் மேல் தோலை ஓட்டையாக்கிவிடுகிறது. அதன் நெருங்கிய உறவு "தைமால்" என்ற பொருள். ஓமத்துக்கு நெடியைக் கொடுப்பது அந்தத் தைமால்தான். குழந்தைக்கு வயிறு பொருமினால் பாட்டி கொடுக்கும் ஓமத் தண்ணீரில் இருக்கும் அதே பொருள், இன்று பல நாடுகளில் கோழித் தீவனத்தில் சேருகிறது!

பூண்டு, இலவங்கப்பட்டை, மஞ்சள் ஆகியவையும் போகின்றன. பூண்டின் சக்தி முழுப் பல்லில் இல்லை; நசுக்கினால்தான் பிறக்கும்.

மிளகாயும் உண்டு! கோழிக்குக் காரம் எரியாதா? எரியாது. மிளகாயின் காரத்தை உணரும் உறுப்பு பறவைகளுக்கு நம்மைப்போல் வேலை செய்வது இல்லை. கிளி பச்சை மிளகாயைக் கடித்துத் தின்பதன் இரகசியம் இதுதான்.

ஆனால் இந்தச் சரக்குகளை எல்லாம் மந்திரக்கோல் என்று எண்ணக்கூடாது. ஒரு பண்ணையில் நல்ல பலன் தெரியும். இன்னொரு பண்ணையில் ஒன்றுமே தெரியாது. பச்சிலையின் வீரியம் மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். அதிகம் போட்டால் நெடி தாங்காமல் கோழி தீவனத்தையே ஒதுக்கிவிடும். எண்ணெய் குடலின் முன் பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு, கிருமி இருக்கும் பின் பகுதிக்குப் போய்ச் சேராததும் உண்டு. அதற்காகக் கொழுப்பால் பூசி, பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள்.

"இயற்கை மருந்து, எல்லா நோயும் தீரும்" என்று எழுதி விற்கிற பொட்டலத்தைக் கண்டால், பண்ணைக்காரர் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

நாமக்கல்லும் பல்லடமும்

முட்டை என்றால் நாமக்கல். கறிக்கோழி என்றால் பல்லடம். தமிழ்நாட்டில் கோழியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

கறிக்கோழியில் பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்ந்த கோழியை எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கொடுப்பார்கள். ஆகவே, தீவனத்தில் என்ன கலப்பது என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் வளர்ப்பவர் அல்ல, மூட்டையை அனுப்புகிறவர்.

2014-ல் டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், டெல்லி வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. நூற்றுக்கு 40-ல் கிருமிக்கொல்லி மருந்தின் மிச்சம் இருந்தது.

மறு ஆண்டு சீனாவில் இருந்து வந்த செய்தி இன்னும் கவலை தந்தது. கொலிஸ்டின் என்று ஒரு பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று டாக்டர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேறு மருந்துகள் தோற்கத் தொடங்கியதும், கடைசிப் புகலிடமாக அதை மறுபடியும் எடுத்தார்கள். அந்த மருந்துக்கும் சாகாத கிருமிகளைப் பன்றிகளிடமும் கோழிக்கறியிலும் நோயாளிகளிடமும் கண்டதாகச் சீன விஞ்ஞானிகள் 2015 நவம்பரில் அறிவித்தார்கள். அதைவிட மோசம், ஒரு கிருமி தன் சக்தியை இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுத்தது! 2019 ஜூலையில் இந்திய அரசாங்கம், கோழி உள்பட உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது.

கிராமத்துப் பெண்கள் கோழிக்குச் சோர்வு கண்டால் சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு, சீரகம், வேப்பிலை என்று அரைத்து உருட்டிக் கொடுப்பது வழக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இத்தகைய மூலிகை வைத்தியத்தைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் யாரும் உருண்டையை நம்பி இருந்துவிடக்கூடாது. இராணிக்கெட் நோய் என்றும் அதைச் சொல்லுவார்கள். அது வைரசால் வருவது. கிருமிக்கொல்லி மருந்து அதைத் தொடக்கூட முடியாது. வந்துவிட்டால் ஒரே வாரத்தில் கொட்டகையே காலி ஆகிவிடும். வரும் முன் தடுப்பு மருந்து கொடுப்பது ஒன்றே வழி. நாட்டுக்கோழிக்குத் தீனியைப் போலவே தின்னக் கொடுக்கும் குருணை மருந்தும் இதற்கு உண்டு.

நோய் வந்த கோழிக்கு மருந்தே கூடாது என்பதும் இல்லை. கால்நடை டாக்டர் பார்த்து, சரியான அளவில், சரியான நாட்களுக்குக் கொடுக்கலாம். மருந்தை நிறுத்திய பிறகு, உடம்பில் இருந்து அது கழியும் வரை சில நாட்கள் அந்தக் கோழியையோ முட்டையையோ விற்கக்கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். புட்டியின் மேல் போட்டிருக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

"அப்படியானால் கோழிக்கறியே வாங்கக்கூடாதா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். தாராளமாக வாங்கலாம். மருந்துக்குச் சாகாத கிருமியும் நெருப்புக்குச் சாகும். எலும்பை ஒட்டிய இடத்தில் சிவப்பு தெரியாமல், நன்றாக வேக வேண்டும். மருந்தின் மிச்சத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வெந்தாலும் சில மருந்துகள் முழுவதும் அழிவது இல்லை. அதைப் பண்ணையில்தான் தடுக்க வேண்டும்.

ஆபத்து வேகாத கறியில் இருக்கிறது. குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கறியைக் கழுவினால், தெறிக்கும் துளியோடு கிருமியும் பக்கத்துப் பாத்திரத்தில் போய் உட்காரும். ஆகவே, பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலச வேண்டும். அந்தத் தண்ணீரை உடனே கொட்டிவிட்டு, இடத்தையும் துடைத்துவிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பச்சைக் கறி நறுக்கிய அரிவாள்மனையில், கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்கவே கூடாது.